ரேட் மட்டும் இல்லை

திருவாலங்காட்டில் மின்சார ரயில் ஏறி சென்னைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரி போர்டுகள் ஒவ்வொன்றாக வரும். கைகட்டிச் சிரிக்கும் டாக்டர், பக்கத்தில் சிவப்பு இதயம். ரேட் மட்டும் இருக்காது.

மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறைப்படி, நோயாளிகளைக் கூவி அழைப்பதே தவறு. டாக்டர் நடத்தும் நர்சிங்ஹோம் விளம்பரம் தரலாம். அதில் பெயர், சிகிச்சை, வசதி, கட்டணம் போன்ற விவரங்களுக்கு மேல் எதுவும் கூடாது. ஆக, கட்டணத்தைப் போட விதியே இடம் கொடுக்கிறது. நம் கண்ணில் படுவதோ சிரிப்பு!

விளம்பரம் என்பது வாங்குபவருக்குத் தகவல் என்று பி.காமில் படித்தேன். சோப்புக்குச் சரி. பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு சோப்பு. நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால், நாலு இடத்தில் விலை விசாரித்துவிட்டா கிளம்புவோம்? தினம் பார்த்து மனசில் பதிந்த பெயரைத்தான் ஆட்டோக்காரரிடம் சொல்வோம். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இத்தனை போர்டும்.

விளம்பரமே கூடாதா என்றால், அப்படியில்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டு வளர்ந்தது. அந்த அறிவிப்பும் விளம்பரம்தானே? ஆனால் அது, காசில்லாதவரையும் வரச் சொன்னது.

நம் பக்கத்தில் போன் செய்து, "ஆஞ்சியோவுக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "முதல்ல பேஷன்ட்டைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்பார்கள்.