முதல் துளி யாருக்கு?

அலிபிரியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் எல்லா வண்டிகளும் நின்றாக வேண்டும். பைகளை இறக்கிச் சோதிப்பார்கள். மது, மாமிசம், சிகரெட் ஆகிய மூன்றும் அதற்கு மேல் போகக் கூடாது. கீழே திருப்பதி ஊருக்குள் மதுக்கடைகள் உண்டு. மேலே திருமலையில் ஒரு சொட்டுக்கும் இடமில்லை. நாவுக்கு இன்பம் தரும் ஒன்றை மனிதன் எதுவரை தேடிப் போகலாம் என்ற பழைய கேள்விக்கு, ஒரே மலையின் அடியிலும் உச்சியிலும் இருவேறு விடைகள் கிடைக்கின்றன.

இன்று இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் ஒரு புதிய கூட்டமும் இருக்கிறது. திருப்பதிக்கு அருகிலுள்ள சித்தூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரில் விஸ்கியையும் ஒயினையும் ஒப்பிட்டுச் சுவைக்கும் கூடுகைகள் நடக்கின்றன. அங்கே பழகியவர்கள் வீட்டிலும் நண்பர்களோடு அதைச் செய்கிறார்கள். அடி பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் இருபது மில்லி அளவுக்கு ஊற்றுகிறார்கள். முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். பிறகு வாயைச் சற்றே திறந்தபடி முகர்கிறார்கள். நாக்கில் ஒரு மிடறு நின்ற பிறகு இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்கிறார்கள். புகைமணம் இப்போது மேலே வந்திருக்கும். அந்த மணத்தைத் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, தண்ணீர் சேரும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு நகர்வதை ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணினி மாதிரிகளின் வழியே விளக்கினார்கள்.

“நாங்கள் குடிப்பதில்லை, சுவைக்கிறோம்” என்பது இவர்கள் தரப்பு வாதம். அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தத்துவத்தில் அதற்கு நல்ல வக்கீல் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், சுவையின் அளவுகோல் பற்றி 1757-இல் வெளியிட்ட கட்டுரையில் டான் கிஹோட்டே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் ஒயினை இருவர் சுவைத்துப் பார்க்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் கிடக்கிறது, தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி. ஹியூமுக்கு நுண்சுவை என்பது பயிற்சியால் கூர்மையாகும் அறிவு.

ஆனால் அந்த அறிவு எளிதில் ஏமாறவும் கூடியது. பிரான்சின் போர்தோவில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் செந்நிற ஒயினுக்குரிய சொற்களையே அடுக்கினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. நாக்கு சொல்லும் தீர்ப்பில் கண்ணுக்கும் பெயருக்கும் விலைச்சீட்டுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் தொழில்முறை நடுவர்கள் பெயரை மறைத்துச் சுவைக்கிறார்கள். சுவைத்ததை விழுங்காமல் துப்பியும் விடுகிறார்கள். சுவையும் போதையும் பிரிக்கக் கூடியவை என்பதற்கு அந்த எச்சில் பாத்திரமே சாட்சி. வீட்டில் சுவைப்பவர் துப்புவதில்லை. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு அவர் நாக்கு எதையும் ஒப்பிடும் நிலையில் இருப்பதும் இல்லை.

நம் அறநூல்கள் கவலைப்பட்டது இந்த மூன்றாவது கோப்பையைப் பற்றித்தான். பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்கும்போது, அது கவனமின்மைக்கு இடமாகிறது என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். புலால் மறுத்தலை அவர் அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்தார். கள்ளுண்ணாமையை வைத்த இடமோ பொருட்பால். அதற்கு அடுத்த அதிகாரம் சூது. புலால் மறுப்பது துறவியின் நோன்பு என்றால், கள்ளை மறுப்பது குடும்பமும் நாடும் சம்பந்தப்பட்ட காரியம். குடிப்பவனின் நாக்கோடு அது முடிந்துவிடுவதில்லை.

திருமலை அமைந்த வேங்கடமும் எப்போதும் மது இல்லாத மலையாக இருந்ததில்லை. மாமூலனார் பாடிய அகநானூற்றுப் பாடல் ஒன்று (61) புல்லி என்ற தலைவனின் வேங்கடத்தைக் காட்டுகிறது. யானைத் தந்தமும் நறவும் நெல்லும் கைமாற, வில்லாளிகள் களித்திருந்த மலை அது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை அருந்தி இனிதே வாழ்க என்று பாண்டிய மன்னனை நக்கீரர் வாழ்த்துவதும் புறநானூற்றில் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடிகள் அந்த வணிகத்தின் எச்சங்கள்.

அதே புறநானூற்றில் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையும் இருக்கிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, தானும் மகிழ்ந்து அருந்துவான் என்று அவர் அழுகிறார். குடித்ததற்காக அவனை அவர் புகழவில்லை, பழிக்கவும் இல்லை. கொஞ்சமாக இருந்தபோது அது யாருக்குப் போயிற்று என்பதே அவர் நினைவில் நிற்கிறது.

திருமலை தன் வழியில் கற்பிப்பதும் இதுதான். அங்கே பக்தர்கள் பூச்சூடும் வழக்கம் கிடையாது. மலையில் பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது நம்பிக்கை. வைணவ மடைப்பள்ளி மரபில் நிவேதனத்துக்கு முன் உணவைச் சுவை பார்ப்பதில்லை, முகர்வதும் இல்லை. சுவையை வெறுக்கும் மரபாக இருந்தால் நெய்யும் முந்திரியும் ஏலக்காயும் மணக்கும் லட்டு அங்கிருந்து உலகத்துக்கு வந்திருக்குமா? அந்த லட்டு 2009-இல் புவிசார் குறியீடும் பெற்றது. மலை தடுப்பது முதல் பங்கைத் தனக்கே எடுத்துக்கொள்ளும் அவசரத்தைத்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் அங்கேயே உண்டு. பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்காக, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை ஒவ்வோர் ஆண்டும் திருமலைக்குப் போகிறது. யாரும் பூச்சூடாத மலையில், ஒருத்தி சூடிக் களைந்த மாலைக்கு அத்தனை மரியாதை! சபரி கடித்துப் பார்த்துப் பழம் கொடுத்தாள் என்று மக்கள் சொல்லிவரும் கதையும் இந்த வகைதான். இன்னொருவருக்கு நல்லதைத் தருவதற்காக முதலில் சுவைப்பதை பக்தி குற்றமாக எண்ணவில்லை.

விஸ்கித் தொழிலிலும் ஒரு முதல் பங்கு உண்டு. மரப் பீப்பாயில் முதிரும்போது ஆவியாகிப் போகும் அளவைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம். பெங்களூர் வெப்பத்தில் 10 சதவீதத்தையும் தாண்டும். 2004-இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்திய பெங்களூர் நிறுவனத்தின் பெயர் அம்ருத். பெயர் அமுதமானாலும் தேவதைகளின் பங்கை யாரும் கொடுக்கவில்லை, அது தானாகவே போகிறது. நிவேதனம் என்பது மனமறிந்து கொடுப்பது.

மதுவின் உண்மையான முதல் பங்கு யாரிடமிருந்து போயிற்று என்று சித்தூருக்கு நன்றாகத் தெரியும். ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூரும் கடப்பையும் அதில் சேர்ந்தன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. பின்னர் பக்கத்து நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், கூலிப்பணம் சாராயக்கடையில் கரைவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு கிளர்ச்சியாகப் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997-இல் தளர்ந்தது.

தடை வந்தும் போயும் இருக்கிறது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. முகர்ந்து சுவைக்கும் கனவானுக்கும் தூபகுண்டாவின் கூலிக்காரருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. குடிப்பது விலை உயர்ந்த புட்டி என்பதாலேயே ஒருவர் அறத்தின் கேள்வியிலிருந்து தப்பிவிடுவதில்லை. மலிவான புட்டி என்பதாலேயே இன்னொருவர் இழிந்தவர் ஆகிவிடுவதும் இல்லை. இருவரிடமும் கேட்க வேண்டியவை இரண்டு. தெளிவு மிஞ்சியதா? வீட்டில் யாருடைய பங்கு குறைந்தது?

முழுத் துறவை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது என்று மணிமேகலையும் அறிந்திருந்தது. கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவன், கள்ளும் ஊனும் ஏன் தவறு என்று நாகர் தலைவனுக்கு எடுத்துச் சொல்கிறான். அவற்றை விட்டால் எங்களால் வாழ முடியாது, எங்களுக்கு இயன்ற அறத்தைச் சொல் என்கிறான் தலைவன். சாதுவன் அவனை ஒதுக்கவில்லை. கரை ஒதுங்குபவரைக் கொல்லாமல் காப்பாற்று என்று அங்கிருந்து தொடங்குகிறான்.

குடிக்காதவர்களுக்கு இந்தக் கட்டுரை புதிதாக எதையும் சொல்லவில்லை. அவர்கள் வழி நேரானது. கோப்பையைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை புட்டியைத் திறக்கும் முன் உங்கள் வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும், இதனால் உங்களுக்கு எதுவும் குறைகிறதா என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்று ஒருவர் சொன்னாலும் புட்டியை மூடி வைத்துவிடுங்கள்.