மறந்தவரை மறவாதவன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வாழ்நாள் முழுவதும் திருப்பாவை ஸேவித்து வந்த ஒரு திருத்தாயார், ஒருநாள் கோயிலாழ்வார் முன் நின்று, “இது யார்?” என்று கேட்கிறார். சில மாதங்கள் கழித்துத் தம் மகனைப் பார்த்தும் அப்படியே கேட்கிறார். இந்நிலை இன்று பல திருமாளிகைகளில் உள்ளது. 2021-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவு. அவ்வளவும் வைத்தியர் சொல்லிவிடுவார். அவர் சொல்ல இயலாத இரண்டு வினாக்கள் நமக்கு எஞ்சுகின்றன. எம்பெருமானையே மறந்தவருக்கு அவனோடுள்ள உறவு என்னாகும்? நம்மை மறந்தவருக்கு நாம் செய்யத்தக்கது யாது?

முதல் வினா பெரியாழ்வார் திருவுள்ளத்திலும் எழுந்தது. ‘துப்புடையாரை’ என்று தொடங்கும் திருமொழியில், உடல் தளர்ந்து நலியும் காலத்தில் தம்மால் நினைக்க முடியாது என்பதைத் திருவரங்கனிடம் வெளிப்படையாகவே அறிவித்து, நினைவு உள்ள இன்றே விண்ணப்பித்து வைக்கிறார். வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரம ச்லோகம் இதற்கு மறுமொழி போல் அமைந்துள்ளது. மனமும் உடலும் நலமாயிருந்தபோது தன்னை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லும் போலக் கிடக்குங்கால், அவனைத் தானே நினைத்து உயர்கதி சேர்ப்பதாக அவன் உறுதி கூறுகிறான். ஆகவே நினைக்கும் பொறுப்பு கைமாறுகிறதேயன்றி, உறவு அறுவதில்லை.

முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர் பிரணவத்துக்குக் காட்டும் பொருளும் இங்கு நினைக்கத்தக்கது. அகாரத்தில் ஏறிக் கழிந்த நான்காம் வேற்றுமை சேஷத்வத்தைச் சொல்லுகிறது; அறிவுடைய ஆத்மாவைச் சொல்லும் மகாரம் அதன் பின்னரே வருகிறது. அறிபவனாவதற்கு முன்பே ஆத்மா அவனுக்கு உரியது. நோயினால் சுருங்குவது தர்மபூத ஜ்ஞானம். அடிமை என்னும் ஸ்வரூபம் சுருங்குவதில்லை. எனவே, திருமண் காப்பை மறந்த தந்தையை “எல்லாம் போயிற்று” என்று சொல்லிக் கைவிடுவதும், “சொல்லுங்கள், சொல்லுங்கள்” என்று திருமந்திரத்தை வற்புறுத்தி அவரை அழவைப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் அவருடைய உறவை அவருடைய நினைவின்மேல் நிறுத்துகின்றன. நாம் அருகிருந்து ஸேவித்தால் போதும். இளமையில் பயின்ற பாசுரத்துக்கு அவர் வாய் தானே அசைவதும் உண்டு, அசையாவிடினும் குறையில்லை.

இரண்டாம் வினாவுக்கும் அந்த ஆழ்வாரே வழிகாட்டுகிறார். நீராட மறுக்கும் கண்ணனுக்காக யசோதை எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக் காத்திருக்கிறாள். அவன் பிறந்த திருவோணம் என்கிறாள். சிற்றுண்டி சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். அவள் வாதாடி வெல்ல முயலவில்லை. பெரியோர் குழந்தைகளல்லர், ஆயினும் நீராட்ட மறுக்கும் தாயிடம் அந்தக் காத்திருத்தலையும் இன்சொல்லையும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

மேலும் ஒரு தர்ம ஸங்கடம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் திருநாடு அலங்கரித்த கணவரைக் குறித்து, “அப்பா கோயிலிலிருந்து வந்தாச்சா?” என்று தாயார் கேட்டால் என் செய்வது? உண்மையைச் சொன்னால் அவருக்கு அது ஒவ்வொரு நாளும் புதிய இடியாகிறது. கீதாபாஷ்யத்தில் தெய்வீக குணங்களை விளக்குமிடத்து எம்பெருமானார், ஸத்யம் என்பது கண்டபடி உரைப்பதோடு உயிர்களுக்கு நன்மையாகவும் இருக்கவேண்டும் என்று காட்டுகிறார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஸத்யம் நிரம்பாது. ஆகவே பொய்யும் வேண்டா, புண்படுத்தலும் வேண்டா. “அப்பாவைப் பார்க்கணும் போல இருக்காம்மா? அவர் பிரபந்தம் ஸேவிக்கிற அழகே தனி இல்லையா?” என்று அவருடைய ஏக்கத்துக்கு விடை சொல்லலாம். அவர் கேட்டது பெரும்பாலும் அதுவே.

இத்தொண்டு பாகவத கைங்கர்யமே என்பதில் ஐயமில்லை. ஆனால், “உனக்குப் பெரும் பாக்கியம்” என்று சொல்லி முழுச் சுமையையும் ஒரு மருமகளின் தலையில் வைத்துவிட்டு, மற்றவர்கள் உத்ஸவங்களுக்கும் காலக்ஷேபங்களுக்கும் போய்வருவது கைங்கர்யத்தின் பெயரால் செய்யும் அநீதி. இரவெல்லாம் விழித்தவள் ஒரு கணம் கடிந்து பேசிவிட்டுப் பின் கண்ணீர் விடுகிறாள். அவளுக்குத் தேவை உபதேசமன்று; மாற்றாக ஒருவர் வந்து அமர்வதும், அவள் உறங்குவதுமே. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் பொருளாலும், விடுமுறையில் வந்து தங்குவதாலும் இதில் பங்குகொள்ளலாம்.

நம்மை அறியாத ஒருவருக்கு, நன்றியை எதிர்பாராமல், ஒரு வாய் அமுது ஊட்டும்போது நாம் ஒன்றை உணர்கிறோம். எண்ணற்ற பிறவிகளில் அவனை அறியாதிருந்த நம்மை எம்பெருமான் இவ்வாறே காத்துவந்தான். அவர் நினைவு தவறும்வரை காத்திராமல், நினைவு உள்ள இன்றே நாமும் நம் விண்ணப்பத்தைச் செய்து வைப்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்