குளிரும் கிண்ணமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் மீது அமைந்துள்ளது கோடைக்கானல். சனவரி மாத இரவுகளில் அங்கே வெப்பநிலை 8 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அத்தகைய மாலையில், உணவோடு ஒரு கிண்ணம் திண்மையான சிவப்புத் திராட்சை இரசம் அருந்தக் கிறிஸ்தவர் ஒருவர் விரும்பினால் அது தகுமா? தகுமெனில், எதை எவ்வாறு தேர்வது?

திராட்சை இரசத்தைத் திருச்சபை ஒருபோதும் தீயதென்று தள்ளியதில்லை. ஆண்டவரின் முதல் அரும் அடையாளம் கானாவூர்த் திருமணப் பந்தியில் நிகழ்ந்தது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாய்ப் பெறப்பட்டதாகவும், கெடாததாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 924. புனித தோமா அக்குவினாஸ், இரசம் அருந்துவது தன்னிலே பாவமன்று எனக் கற்பித்தார். ஆயினும் அருந்துபவரின் நிலை, அருந்தும் அளவு, பிறருக்கு உண்டாகும் இடறல் ஆகியவற்றால் அது பாவமாகக் கூடும் என்றும் அவர் எச்சரித்தார்.

அப்படியானால், "குளிருக்காகத்தான்" என்று நாம் சொல்லும் காரணம் எதற்கு? மது உடலுக்குச் சூடேற்றுவதில்லை. தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பான உணர்வைத் தருகிறது. உண்மையிலோ உள்ளுடலின் வெப்பம் வெளியேறுகிறது. மலைச்சரிவில் பகலெல்லாம் உழைத்துவிட்டு மதுக்கடைக்குச் செல்பவரும் இதே காரணத்தையே கூறுகிறார். அவரைக் குடிகாரர் என்கிறோம். நம்மைச் சுவைஞர் என்கிறோம். ஒரே பொய்க்கு இரண்டு பெயர்கள்! இரசம் குளிருக்கு மருந்தன்று, மகிழ்ச்சிக்குரிய கொடை என ஒப்புக்கொள்வதே நேர்மை.

கொடையெனில் அதனைத் தேர்வதிலும் தவறில்லை. சாறு தோலோடு சேர்ந்து நொதிப்பதால்தான் சிவப்பு இரசத்திற்கு நிறமும் துவர்ப்பும் கிடைக்கின்றன. நாசிக்கிலும் நந்தி மலைப் பகுதியிலும் விளையும் ஷிராஸ், கேபர்நே சோவின்யோன் திராட்சைகளின் இரசம் அழுத்தமானது. இறைச்சி உணவுக்கு இசைவது. பழனி மலைக்குத் தெற்கேயுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மணம் மிக்கது. 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் அதனைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பது மரபு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிவப்பு இரசத்திற்கு உகந்தது 16 முதல் 18 பாகை வெப்பநிலை. கோடைக்கானல் வீட்டின் அறையே பல நாள்களில் அதைத் தந்துவிடும்.

ஆனால் புட்டியைத் தேர்ந்த பின்னும் ஒரு தேர்வு எஞ்சியிருக்கிறது: யாரோடு அருந்துவது? 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்றுவரும் நம் மாநிலத்தில், குடியால் சிதைந்த குடும்பம் இல்லாத பங்கு எது? குடியை விட்டொழிக்கப் போராடும் சகோதரர் ஒருவர் நம் பந்தியில் அமர்ந்திருக்கலாம். தந்தையின் குடியால் காயப்பட்ட குழந்தை நம்மைக் கவனித்துக் கொண்டிருக்கலாம். சகோதரருக்குத் தடைக்கல்லாக அமையுமாயின் இரசத்தைத் தவிர்ப்பதே நலம் எனத் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதினார். அன்று புட்டி மூடியே இருக்கட்டும். சூடான சுக்குக் காப்பியை எல்லாரும் பகிர்ந்து பருகலாம்.

இடறலுக்கு இடமில்லாத வேறொரு மாலையில், நன்றியோடு, ஒரு கிண்ண அளவில் நிறுத்திக்கொண்டு அருந்துவதில் குற்றமில்லை. அருந்தும் உரிமை நமக்குண்டு. அன்பின் பொருட்டு அதை விட்டுக்கொடுக்கும் உரிமையும் நமக்குண்டு. பின்னதைப் பயன்படுத்த அறிந்தவரே முன்னதையும் அச்சமின்றித் துய்க்க வல்லவர்.