ஏன் பாதி?

சொத்தில் பாதியைக் கொடுத்துவிடு என்கிறது கடிதம். முழுவதும் அல்ல, பாதி. நாளை இரவு பத்து மணிக்குள், ஏழைகளுக்கான அரசு உதவித் துறைக்கு. தவறினால் காலம் கடந்துவிடும். கீழே ஒற்றைப் பெயர்: ஜூடெக்ஸ்.

லூயி ஃபேயாட் 1916இல் எடுத்து, 1917 தொடக்கத்தில் பிரான்சின் திரையரங்குகளுக்கு வந்த பேசாப்படத் தொடர் ‘ஜூடெக்ஸ்’. அதில் வரும் கடிதம் அது. ஒரு முன்கதை, பன்னிரண்டு பகுதிகள். கறுப்புத் தொப்பியும் கறுப்பு மேலங்கியுமாக ஒரு நாயகன். எதிரே ஃபாவ்ரோ, ஊரை ஏமாற்றிக் கொழுத்த வங்கி முதலாளி. தூக்கம் வராத ஓர் இரவில் பார்க்கத் தொடங்கினேன். ஜூடெக்ஸின் வேட்டை நாய்கள், நடிகை மூசிடோராவின் அலட்டிக்கொள்ளாத வில்லித்தனம், எல்லாவற்றையும் ரசித்தேன். ஆனால் நாட்கணக்கில் மனசை அரித்துக்கொண்டிருப்பது அந்தப் பாதிதான்.

ஏன் பாதி? ஏமாற்றிச் சேர்த்த பணம் என்றால் மொத்தமும் அடுத்தவருடையது அல்லவா? அதுவும் அரசுத் துறைக்கு எதற்கு? படத்தின் தொடக்கத்திலேயே கெர்ஜான் என்ற கிழவர் வருகிறார். ஃபாவ்ரோவால் சிறை சென்று, குடும்பம் சிதறி, மகனைத் தேடித் தரச் சொல்லிக் கேட்டு நிற்பவர். அவரை விரட்டிவிடுகிறான், பிறகு சாலையில் அவன் கார் அவரையே அடித்துத் தள்ளிவிட்டுப் போகிறது. ஜூடெக்ஸின் கடிதத்தில் அந்தக் கிழவருக்கு ஒரு காசு இல்லை.

என் பெரியம்மா ஏலச்சீட்டு கட்டியவர். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம். சீட்டு நடத்தியவர் ஒரு நாள் ஊரைவிட்டுப் போனார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். பெரியவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடிப் பேசினார்கள். பாதி தருவார், அத்தோடு விட்டுவிட வேண்டும். “பாதியாவது கெடச்சுதேன்னு வாங்கிக்கம்மா” என்றார் ஒருவர். பெரியம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதும் நோட்டில், ஒவ்வொரு மாசமும் கடைசி வரியாக அந்த மனிதர் பெயரை எழுதி, எதிரே மிச்சப் பாதியைப் பாக்கியாகப் போட்டுவந்தார். வட்டி போடவில்லை. கேட்கவும் இல்லை. அவரோ தெருவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சகஜமாக நடமாடினார். அவர் கணக்கு தீர்ந்துவிட்டது. ஊர்க் கணக்கும்தான்.

பள்ளிக்கூட நாளில் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’ நாவலின் சுருக்கப் பதிப்பு ஒன்று படித்தேன். கதை பெரும்பாலும் மறந்துவிட்டது. ஒரு கோழி மட்டும் நினைவிருக்கிறது. அங்கேயும் ஒரு வங்கிக்காரன், டாங்ளார். ரோம் பக்கம் கொள்ளையர் கையில் அகப்படுகிறான். பசிக்கிறது. ஒரு கோழிக்கு விலை ஒரு லட்சம் ஃபிராங்க். அடித்துச் சுருட்டிய லட்சங்களைத் தின்று தின்றே தீர்க்கிறான். கடைசியில் கொஞ்சம் பணத்தை அவனிடமே விட்டு, மன்னித்து அனுப்பிவிடுகிறான் நாயகன். டாங்ளாரின் தலை அதற்குள் நரைத்துப்போயிருக்கும். அந்த வயதில் கோழி விலைக்குச் சிரித்தேன். ஏமாற்றுக்காரனிடமிருந்து எதை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு டூமா வைத்திருந்த பதில் அது என்பது இப்போதுதான் உறைக்கிறது: பணம் முக்கியமில்லை, பசி என்னவென்று தெரிய வேண்டும்.

ஃபேயாட்டின் நாயகன் அப்படித் தெளிவானவன் இல்லை. பாதியைத் தர ஃபாவ்ரோ மறுக்கிறான். மறுநாள் மகள் ஜாக்லீனின் நிச்சயதார்த்த விருந்தில், மணி பத்து அடிக்கும்போது, கோப்பையும் கையுமாகச் சாய்கிறான். செத்துவிட்டான் என்று புதைக்கிறார்கள். உண்மையில் மருந்து மயக்கம். கல்லறையிலிருந்து அவனைத் தூக்கி வந்து பாழடைந்த கோட்டையின் அறையில் ஆயுள் கைதியாக அடைக்கிறான் ஜூடெக்ஸ். ஏமாற்றுக்காரனை ஏமாற்றும் சாமர்த்தியத்துக்கு அன்றைய கூட்டம் கைதட்டியிருக்கும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஜாக்லீன் செய்ததுதான். அப்பாவின் பணம் வந்த வழி தெரிந்ததும், பாதியை அல்ல, முழுச் சொத்தையும் துறந்துவிட்டு, வேறு பெயரில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் போகிறாள். யாரும் அவளுக்குக் கெடு வைக்கவில்லை.

நிதானமாக யோசித்தால் அந்தக் கடிதமே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. ஜூடெக்ஸின் அப்பா ஃபாவ்ரோவால் நொடித்துத் தற்கொலை செய்துகொண்டவர். பழிவாங்குவோம் என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள் தாய். அப்படியிருக்க, ஒன்பதரை மணிக்கு ஃபாவ்ரோ மனம் மாறிப் பாதியை எழுதிக் கொடுத்திருந்தால்? மிச்சப் பாதியோடு அவன் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பானா, அந்தத் தாய் அதை ஒப்புக்கொண்டிருப்பாளா? மறுப்பான் என்று தெரிந்தேதான் பாதி கேட்டானோ என்று சில சமயம் தோன்றுகிறது. இல்லை, தண்டனைக்கு முன் ஒரு வாசலைத் திறந்துவைக்க அவன் மனசாட்சி கேட்டதோ என்னவோ. கடைசியில் அந்தத் தாய் ஃபாவ்ரோவை மன்னிக்கவே செய்கிறாள், காசு கணக்குப் பார்க்காமல். படமாகப் பார்க்கும்போது அது சரியாகத்தான் இருந்தது. பெரியம்மாவின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அவர் மன்னிக்காமலே பாதியை வாங்கிக்கொண்டவர். அது தோல்வியா, இல்லை தன் பங்கு நீதியைத் தானே எழுதி வைத்துக்கொண்டாரா, இரண்டு பக்கமும் வாதாட என்னால் முடிகிறது. எந்தப் பக்கமும் நிற்கத்தான் முடியவில்லை.