வேனிலும் திருவடி நிழலும்

ஐம்புலன்களை உயிரின் பகையென்று கூறும் சமயமொன்றில், கோடைக்காலத்து மாலைக் காற்றையும் மண்பானை நீரின் குளிர்ச்சியையும் ஒருவர் மனமாரத் துய்ப்பதற்கு இடமுண்டா என்பது சைவ நூல்களைப் பயில்வோர் தவிர்க்க இயலாத வினாவாகும். இவ்வினாவுக்கு நேரடி விடை சாத்திரங்களில் கிடைப்பதைக் காட்டிலும், ஐந்தாம் திருமுறையில் தனித் திருக்குறுந்தொகை என்ற தலைப்பில் திருநாவுக்கரசர் அருளிய பதிகத்தின் முதற்பாடலில் தெளிவாகக் கிடைக்கிறது எனலாம். வீணையின் இசை, மாலை நிலவு, வீசும் தென்றல், இளவேனிற்பருவம், வண்டுகள் மொய்க்கும் பொய்கை என்ற ஐந்தையும் அடுக்கி, இறைவனது திருவடி நிழல் இவற்றைப் போன்றது என்று அப்பாடல் கூறுகிறது. இவ்வைந்தையும் ஐம்புலன்களுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிட முயன்றால், இசை செவிக்கும் நிலவு கண்ணுக்கும் தென்றல் மெய்க்கும் எளிதில் சேரும். இளவேனிலோ எந்த ஒரு புலனுக்குள்ளும் அடங்காமல், உடல் முழுவதும் உணரும் பருவமாகத் தனித்து நிற்கும்.

இளவேனில் என்பது தமிழ் மரபில் சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களைக் குறிக்கும். ஆனியும் ஆடியும் முதுவேனில். கத்திரி வெயில் எனப்படும் அக்கினி நட்சத்திர நாள்கள் இவ்விளவேனிலுக்குள்ளேயே வருகின்றன. ஆகவே அப்பாடல் போற்றும் பருவம், பகலில் நிலம் காய்ந்து வெடிக்கும் பருவமேயாகும். அதன் இன்பம் வெயிலுக்குப் பின் வரும் நிழலின் இன்பம். வெம்மையை அறியாத உடலுக்குத் தென்றல் வெறும் காற்றுதான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், இப்பதிகம் எழுந்த இடத்தை நீற்றறை என்று குறிக்கிறார். நீற்றறை என்பது சுண்ணாம்புக் கற்களைச் சுட்டு நீறாக்கும் காளவாய். சமண சமயத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஏழு நாள்கள் அதில் அடைத்து வைத்தான் என்பது புராணச் செய்தி. அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். முதற்பாடலில் காளவாயைப் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை என்பதையும், சேக்கிழார் ஐந்து நூற்றாண்டுகள் கடந்து பாடியவர் என்பதையும் மறவாமல் இச்செய்தியைக் கொள்ள வேண்டும். ஆயினும் இப்பாடலை வெப்பத்தின் நடுவில் வைத்துப் படிக்கவேண்டும் என்று கண்ட சேக்கிழாரின் இலக்கிய உணர்வு மிகக் கூர்மையானது.

நாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரில் வாழ்ந்த சமணத் துறவு நெறியில், வெம்மை துறவி பொறுத்துக்கொள்ள வேண்டிய 22 இடர்ப்பாடுகளுள் ஒன்று. பசி, தாகம், குளிர் முதலிய இவற்றைப் பரீஷகங்கள் என்பர். தென்றல் இனிது என்பதைச் சமணர் மறுத்தாரல்லர். அவ்வினிமையின்மேல் எழும் பற்று வினையைக் கட்டும் என்பதே அவர் கொள்கை. அக்கொள்கையின் நேர்மையைக் குறைத்து மதிப்பிடுவது, பின்னாளைய சைவ எழுத்துகள் பலவற்றில் காணப்படும் எளிய பழக்கம். சைவ சித்தாந்த நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதமும் இவ்விடத்தில் சமணத்துக்கு வெகுதொலைவில் இல்லை: அதன் எட்டாம் சூத்திரம் ஐம்புலன்களை வேடர்களாகவும், உயிரை அவ்வேடர்களிடையே வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசகுமாரனாகவும் உருவகப்படுத்துகிறது.

எனினும் சித்தாந்தம் மற்றொன்றையும் கூறுகிறது. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும், அதாவது உடலும் மனம் முதலிய உட்கருவிகளும் வாழும் உலகமும் துய்க்கும் பொருள்களும், ஆணவம் என்னும் அறியாமையில் கட்டுண்ட உயிர் தெளிவடைவதற்காக இறைவன் கூட்டுவித்தவை என்பது அதன் துணிபு. அவ்வாறாயின் மாலைக் காற்றும் அவன் கூட்டுவித்ததே. இடர் எழுவது அக்காற்றை 'எனது' என்று பற்றும் இடத்தில்தான். நாவுக்கரசர் தேர்ந்தெடுத்த பொருள்களை இந்நோக்கில் மீண்டும் பார்த்தால், வீணையை ஒருவர் தமதாக்கிக்கொள்ளக் கூடுமாயினும், நிலவையும் தென்றலையும் பருவத்தையும் எவரும் பூட்டி வைக்க இயலாது என்பது புலப்படும். பொன்னும் மாளிகையும் அவ்வரிசையில் இடம்பெறாமை தற்செயல் என்று தோன்றவில்லை.

உவமையைவிடப் பொருளே உயர்ந்தது, ஆகையால் இவ்வின்பங்கள் ஏறிய பின் விட்டுவிட வேண்டிய படிகளே என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதத்துக்கு நூல்வழி வலிமை உண்டு. ஆனால் உவமை, கேட்பவர் முன்பே அறிந்திருக்கும் ஒன்றைக் கொண்டே அறியாததை உணர்த்துகிறது. தென்றல் மேனியைத் தொட்ட நேரத்தை ஒருமுறையேனும் நின்று கவனியாதவருக்கு அப்பாடல் வெறும் பெயர்ப்பட்டியலாகவே நிற்கும். அதே பதிகத்தின் பின்வரும் பாடலொன்று, வாழ்த்துவதற்கு வாயும் நினைப்பதற்கு நெஞ்சும் வணங்குவதற்குத் தலையும் இறைவன் தந்தவை என்று கூறி, அவற்றைப் பயன்கொள்ளாமல் கழிந்த நெடுங்காலத்துக்கு இரங்குகிறது. கவனியாமையே அங்கே குற்றமாகக் காட்டப்படுகிறது.

கோயில் வழிபாடு இக்கருத்தை நூலின் துணையின்றியே நடத்திக் காட்டுகிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் சிவாலயங்கள் பலவற்றில் லிங்கத்துக்கு நேர் மேலே தாராபாத்திரம் தொங்கவிடப்படும். அடியில் சிறு துளையிட்ட பாத்திரமான அதில் நிரப்பிய நீர், சில இடங்களில் வெட்டிவேரின் மணத்தோடு, சொட்டுச் சொட்டாகத் திருமேனியின்மேல் விழுந்துகொண்டிருக்கும். மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எடுப்பித்த புதுமண்டபம், வைகாசி வசந்த விழாவில் மீனாட்சி சுந்தரேசுவரர் எழுந்தருள்வதற்கென்றே அமைந்தது. சுற்றிலும் நீர் நிறுத்தும் அகழியும் அதற்கு உண்டு. வெம்மையும் குளிர்ச்சியும் கடந்த பரம்பொருளுக்குப் புழுக்கம் ஏது என்று கேட்பது தருக்கத்துக்குப் பொருந்தும். தாம் இனிதென்று கண்டதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ள மனமில்லாத அடியாரின் செயலுக்கு அக்கேள்வி பொருந்தாது.

நாவுக்கரசரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், அவரை நேரில் காணாமலே அவர்மீது அன்பு பூண்டு, வழிநடப்போர் வெயில் தணிய அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலின் குளிர்ந்த நிழலையும் அங்கே பொறிக்கப்பட்டிருந்த தம் பெயரையும் கண்டு வியந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். இன்று கோடையில் திறக்கப்படும் நீர்மோர்ப் பந்தல்கள் சிலவற்றில் பானையைவிடத் திறந்தவரின் படமே பெரிதாக இருப்பதைக் காண்போர்க்கு, அடுத்து நிகழ்ந்தது சுவைக்கும்: பந்தலுக்குத் தம் பெயரை இடாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று, தாம் யாரென்று கூறாமல் வந்தவர் வினவ, அப்பூதியார் வெகுண்டு, அந்தப் பெயரின் பெருமை அறியாமல் பேசும் நீர் யார் என்று அவரையே திருப்பிக் கேட்டார்.