ஊக்கமும் ஒப்புரவும்: நிக்கோபார்த் தீவுகளை முன்வைத்து

உழைத்து உயர வேண்டும் என்ற வேட்கையும், வாழ்வு ஒரு பக்கமே சாய்ந்துவிடாதபடி காக்கும் சமநிலையும் ஒரே மனிதரிடம் எவ்வாறு பொருந்தும் என்ற வினா, இந்திய அறச் சிந்தனைக்குப் பழகிய ஒன்று. திருக்குறள் ஊக்கமுடைமையையும் ஆள்வினையுடைமையையும், அதாவது தளராத மனவெழுச்சியையும் இடைவிடாத முயற்சியையும், பொருட்பாலில் தனித்தனி அதிகாரங்களாக வைத்துப் போற்றுகிறது. அதே நூல் துறவறவியலில் அவாவறுத்தலை வற்புறுத்துகிறது. முன்னது ஆள்வோருக்கும் பின்னது துறவிக்கும் உரியது எனப் பிரித்து முரணைத் தீர்த்துக்கொள்வது எளிது. ஆனால் நாள்தோறும் வேலைக்குச் சென்று குடும்பம் நடத்துபவருக்கு அப்பிரிவினால் பயனில்லை. அவருக்குரிய விடை இல்லறவியலில், ஒப்புரவறிதல் என்னும் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்பதும், அவ்விடையை ஒரு சமூகம் வாழ்ந்தே காட்டியதை நிக்கோபார்த் தீவுகளில் காணலாம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சமநிலையை நேரக் கணக்காகப் பார்ப்பதே இன்றைய வழக்கம்: அலுவலகத்துக்கு இத்தனை மணி, வீட்டுக்கு இத்தனை மணி. இக்கணக்கு தேவையானதுதான், எனினும் உழைப்பு மனிதரை எதனால் சிதைக்கிறது என்பதை அது முழுமையாகச் சொல்வதில்லை. போர்ட் பிளேரில் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில், செக்கிழுத்த கைதி ஒருவர் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டியிருந்ததை அங்கிருந்து மீண்டவர்கள் எழுதியுள்ளனர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்று அங்கு அடைக்கப்பட்ட உல்லாஸ்கர் தத், சிறைக் கொடுமையால் மனம் பேதலித்து, பின்னர் சென்னை மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே மனிதரை அழித்ததில் பளுவுக்குப் பெரும்பங்கு உண்டு. செய்யும் வேலையின் நோக்கத்திலும் பயனிலும் செய்பவருக்கு எள்ளளவும் இடமில்லாமற் போனதற்கும் அதே அளவு பங்கு உண்டு. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரனார், அதற்குச் சற்று முன்புவரை சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்காகத் தம் ஆற்றல் அனைத்தையும் செலவிட்டவர். இரண்டுமே கடும் உழைப்புத்தான். ஒன்று அவரை வளர்த்தது, மற்றொன்று வதைத்தது.

பகவத்கீதை கூறும் நிஷ்காம கர்மம், அதாவது பயன்மேல் பற்று வைக்காமல் கடமையைச் செய்தல், இவ்வினாவுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் விடை. பர்மாவின் மாண்டலே சிறையில் 1910–11-இல் கீதா ரகசியத்தை எழுதிய திலகர், கீதையின் உள்ளக்கிடக்கை துறவன்று, செயலே என்று நிறுவினார். இவ்விடை மனத்தை ஆற்றுப்படுத்துவது. ஆயினும் பயனைப் பிறர் வாரிக்கொள்ளும் இடத்தில் உழைப்பவருக்கு மட்டும் பற்றின்மையை உபதேசிப்பது சுரண்டலுக்கே துணைபோகும். ஆகவேதான் கீதை லோகசங்கிரகம், அதாவது உலகத்தை ஒருங்கே தாங்கி நடத்துதல், என்ற கருத்தையும் உடன்வைக்கிறது. பற்றை விட்டபின் பயன் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்காதவர் கீதையில் பாதியையே படித்தவர்.

ஒப்புரவு என்பது, முயன்று ஈட்டியதை ஊரோடு ஒத்து வாழ்வதற்குரிய பொருளாகக் கருதி நடத்தல். இரப்பவருக்கு இரங்கிக் கொடுக்கும் ஈகைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஒப்புரவை அதற்கு முன்னே வைத்து, ஊருணியையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் உவமையாகக் காட்டுகிறார். ஊக்கத்தை அவர் எங்கும் குறைக்கச் சொல்லவில்லை. அது யாருக்குக் கடன்பட்டது என்பதையே சொல்கிறார். நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கார் நிக்கோபாரில் இக்கடப்பாடு ஓர் அமைப்பாகவே நின்றது. துஹெத் எனப்படும் கூட்டுக்குடும்பமே தென்னந்தோப்புகளுக்கும் பன்றிகளுக்கும் படகுகளுக்கும் உடைமையாளர். தனிமனிதருக்கு இருந்தது பயன்படுத்தும் உரிமை. இதைக் கண்டு நிக்கோபாரியர் வேட்கையற்றவர் என்று முடிவுகட்டுவது தவறு. முன்னோரை நினைவுகூரும் பெருவிருந்துக்காக ஒரு துஹெத் ஆண்டுக்கணக்கில் பன்றிகளை வளர்த்தது. படகுப் போட்டியில் ஊரோடு ஊர் மோதியது. புகழுக்கான போட்டி அங்கே உண்டு. ஆனால் சேர்த்துவைப்பதைவிடப் பகிர்ந்தளிப்பதே அப்புகழின் அளவுகோல். வேட்கை உச்சத்தை எட்டும் நாளும் பொருள் ஊருக்குத் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தமையால், சமநிலையைத் தனியே தேட வேண்டிய தேவை எழவில்லை.

இத்தகைய கூட்டுவாழ்வு தனித்திறனை அமுக்கிவிடாதா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு விடையாகக் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் 1884-இல் பிறந்த ஜான் ரிச்சர்ட்சனின் வாழ்வைச் சுட்டலாம். அவ்வூரில் பணியாற்றிய வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியாரின் வழியாகக் கல்விக்குள் நுழைந்த அவர், பின்னாளில் திலகர் சிறையிருந்த அதே மாண்டலேயில் படித்து, 1912-இல் ஆசிரியராகத் தம் தீவுக்குத் திரும்பினார். நிக்கோபாரி மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தார், ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது சிறைவாசம் அனுபவித்தார், ஆயராக உயர்ந்தார், 1952-இல் இத்தீவுகளின் சார்பில் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். இவ்வளவு உயர்ந்த ஒருவருடைய உழைப்பு தன் ஊரைவிட்டு எங்கும் விலகவில்லை. உயர்வதற்கு வேரறுக்க வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு பொய் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்வு அரிது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வமைப்பின் அடித்தளத்தையே அசைத்தது. தோப்புகள் அழிந்தன, புதிய தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். துயர்துடைக்க வந்த உதவி, ரொக்கமாகவும் வரிசை வீடுகளாகவும், தனிக்குடும்பங்களைக் கணக்கிட்டே வந்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அப்பணி துஹெத் என்ற அலகைக் காணத் தவறியது. கூட்டுடைமையில் நின்றவர்கள் கூலியையும் கடைப்பொருளையும் நாடும் தனியராயினர். கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியமர்த்தப்பட்ட இலங்கை மலையகத் தமிழரின் நிலை வேறு: இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்கள் எங்கே உழைப்பது என்பதையே அரசுகளின் கையில் விட்டது. விருப்பத்தைக் கேட்காமலேயே இடம் மாற்றப்பட்டவரிடம் வேட்கையைப் பற்றியும் சமநிலையைப் பற்றியும் அறிவுரை கூறுவது பொருளற்றது.

வேட்கை தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று; அரசுகளுக்கும் உண்டு. சுமார் 72,000 கோடி ரூபாய் மதிப்பில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் எனத் திட்டமிடப்பட்ட பெரிய நிக்கோபார்த் திட்டத்தையும் இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும்: பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு, கேட்கப்பட்டவர் யார்? ஆழிப்பேரலையால் மூதாதையர் ஊர்களை இழந்து முகாம்களுக்கு வந்த நிக்கோபாரியர், மீண்டும் அங்கே திரும்பவே விரும்புகின்றனர். திட்டத்துக்கு முதலில் அளித்த ஒப்புதலை அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது.