குதிரில் கிடக்கும் விதையும் நகராத சுட்டியும்

சி++ மொழியில் ஸ்ட்ரீமுக்கு எழுத்துகளை அனுப்பும் ஓஸ்ட்ரீம்பஃப் இட்டரேட்டர் பெயரளவில் ஒரு சுட்டி. சுட்டி என்றால் ஓர் இடத்தைக் காட்டவேண்டும், பிறகு அடுத்த இடத்துக்கு நகரவேண்டும். இதற்கு இரண்டும் கிடையாது. நட்சத்திரக் குறி போட்டு எதைக் காட்டுகிறாய் என்று கேட்டால் தன்னையே நீட்டுகிறது. இரட்டைக் கூட்டல் குறி போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓர் எழுத்தை அசைன் செய்யும்போதுதான் வேலை நடக்கிறது: எழுத்து ஸ்ட்ரீமின் பஃபருக்குள் விழுகிறது. காட்டாத, நகராத ஒன்று சுட்டியாகுமா?

தன் காரியத்தைச் செய்யாத ஒன்றை உள்ளது எனலாமா என்பது பழைய கேள்வி. 7ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி உள்பொருளுக்கு ஒரே அளவுகோல் வைத்தார்: காரியம் விளைவிக்க வல்லதே உள்ளது. அவர் வழிவந்தோர் இதைக் கொண்டே, பொருள் கணத்துக்குக் கணம் வேறாகிறது என்று வாதிட்டார்கள். குதிரில் கிடக்கும் நெல் முளைப்பதில்லை. வயலில் விழுந்தது முளைக்கிறது. ஒன்றுக்கு ஆற்றல் உண்டு, மற்றதற்கு இல்லை. ஆகவே இரண்டும் ஒரே விதை அல்ல. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. விதை ஒன்றுதான், மண்ணும் நீரும் துணைக்கு வராததால் குதிரில் சும்மா கிடக்கிறது என்பது அவர்கள் பதில். இந்த வாதத்தை அம்மரபின் உதயனர் தம் ஆத்மதத்துவ விவேகத்தில் விரிவாக நடத்துகிறார்.

பௌத்த அளவுகோலின்படி இட்டரேட்டரின் இரட்டைக் கூட்டல் குறி இல்லாத பொருள். ஆனால் அதை நீக்கிவிட்டால் காப்பி என்னும் அல்காரிதம் கம்பைலே ஆகாது. அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் வடிவமைத்து, 1998இல் வெளிவந்த சி++ தரத்தில் இடம்பெற்ற நூலகத்தின் அடிப்படையே இதுதான்: எழுது, நகர் என்று மட்டும் அல்காரிதம் சொல்லும், எதிரே இருப்பது வெக்டரா ஸ்ட்ரீமா என்று பார்க்காது. வெக்டரில் அதே குறி நிஜமாகவே நகர்த்துகிறது. ஸ்ட்ரீமில், அல்காரிதத்தோடு சேரும்போதுதான் அந்தச் சும்மா இருத்தலுக்கும் ஒரு காரியம் கிடைக்கிறது. விதை உவமை இங்கே கொஞ்சம் நொண்டுகிறது, ஏனெனில் இந்தக் குறி எந்த வயலிலும் முளைக்காது. ஆனாலும் தராசு உதயனர் பக்கமே சாய்கிறது.

பௌத்தர் கை ஓங்கும் இடமும் உண்டு: இது அதே சுட்டிதான் என்று சொல்ல முடியாத இடம். இரண்டு ஓஸ்ட்ரீம்பஃப் இட்டரேட்டர்கள் ஒன்றுதானா என்று ஒப்பிட நூலகம் வழியே தரவில்லை. எழுதும் இடம் ஸ்ட்ரீமுக்குச் சொந்தம். ஒரு பிரதி எழுதி நிறுத்திய இடத்திலிருந்து இன்னொரு பிரதி தொடரும். தோல்வி மட்டும் அப்படிப் பகிரப்படுவதில்லை. யுடிஎஃப்-8இல் ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட். சார் வகை இட்டரேட்டரில் 15 அசைன்மென்ட். பஃபர் நிரம்பி, அதைக் காலி செய்ய முடியாமல் பத்தாவது பைட் தோற்றது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச ஐந்தும் சத்தமின்றிக் கைவிடப்படும். காப்பி அல்காரிதம் வேலை செய்வது தனக்குக் கொடுக்கப்பட்ட இட்டரேட்டரின் பிரதியை வைத்துக்கொண்டு. தோல்வி பதிவாவதும் அந்தப் பிரதியில்தான். முதலில் கொடுத்த மூலத்திடம் ஃபெயில்டு என்று கேட்டால், இல்லை என்றே சொல்லும். அது பொய் சொல்லவில்லை, அதன் வழியாக எதுவும் எழுதப்படவே இல்லை. காப்பி திருப்பித் தரும் இட்டரேட்டரிடம் கேட்டால்தான் விஷயம் தெரியவரும்.